பாதி வள்ளத்துக்கு ஒரு பந்தல்

ஹவுகெட்டோ,
9 ஒக்டோபர் 2005

திரு. அல்பேர்ட் அவர்களுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. ஆகவே விசாரிக்கவில்லை.

தொலைபேசியில் உம்மோடு கதைத்துப் பார்த்தேன். பாதியில் துண்டித்துவிட்டீர். இனி நான் அதைத் தொடுவதாக இல்லை. பதினாறு வருடமாக ஒஸ்லோத் தபால் கந்தோரில் ஊராருடைய கடிதங்களை விலாசம் பார்த்துப் பிரித்துப் போடுகிறேன். ஒருதரம் என்னுடையதையும் போட்டுப் பார்ப்போமே. கடிதத்தைத் துண்டிக்க முடியாது. கிழிக்கலாம். கிழிக்க முதல் வாசித்துவிடும்.

நம்முடைய பாய்வள்ளம் நேற்றுக் காலை லொறியில் வந்து சேர்ந்தது. பாதி உமது, பாதி எனது என்று போன வசந்தத்தில் கையெழுத்து வைத்தோமே, அதே வள்ளம்தான். "குளிர்காலத்துக்கு ஏன் துறைமுகத்தில விடவேணும், உன்ர முற்றம் சும்மாதானே கிடக்கு" என்று சொன்னது நீர். இறக்குகிற அன்று ஸ்தவாங்கரில் இருந்து வந்து நிற்பேன் என்றதும் நீர். வந்து நின்றது அயலட்டை முழுவதும். உம்மை மட்டும் காணவில்லை.

பாரந்தூக்கி அதை வேலிக்கு மேலால் தூக்கி வந்தபோது நான் வாசற்படிக்கு ஓடி ஏறி நின்றேன். இருபத்தாறு அடி வள்ளம் தண்ணீரில் சின்னதாகத்தான் தெரிந்தது. முற்றத்தில் அது வீட்டை விடப் பெரிதாக நிற்கிறது. லொறிக்காரர், "முட்டுகள் எங்கை?" என்று கேட்டார். நீர் வெட்டித் தந்துவிட்டுப் போன ஆறு மரக்கட்டைகளைக் காட்டினேன். கட்டைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார். "என் நண்பருக்கு எல்லாம் தெரியும், அவர் யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கடற்கரை ஆள்" என்றேன். அவருக்குக் குருநகர் எங்கே இருக்கிறது என்று தெரியாது. கட்டைகளை ஒரு மாதிரி நிறுத்தி வைத்துவிட்டு, இரண்டு நாளைக்குள் சரியாக முட்டுக் கொடுக்கச் சொல்லிப் போய்விட்டார்.

என் மனைவி பூமணி, பேருந்து வருகிறதா என்று பார்க்கிற யன்னல் சமையலறை யன்னல். இப்போது அதற்குள்ளால் வள்ளத்தின் அடிவயிறுதான் தெரிகிறது. இன்று காலை பேருந்து போய்விட்டது, முதியோர் இல்லத்து வேலைக்குப் பிந்திவிட்டாள். "சித்திரைக்குள்ள ஒண்டில் இது போகவேணும், இல்லாட்டி நான் போறன்" என்று சொல்லியிருக்கிறாள்.

மே மாதம் இந்த வள்ளம் ஒரு கீறல் இல்லாமல் தண்ணீரில் இறங்கவேண்டும். எனக்கு அது முக்கியம். ஏன் என்று கேளாதேயும். எப்படி முட்டுக் கொடுப்பது, எப்படி மூடுவது, உடனே எழுதும். போன கோடை முழுவதும் எந்திரத்தில் ஓடினோமே தவிர, ஒருநாள்கூடப் பாய் விரிக்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

இப்படிக்கு,
க. பாலேந்திரன்

*

ஸ்தவாங்கர்,
15 ஒக்டோபர் 2005

மச்சான்!

கடவுளே, இதென்ன கோர்ட்டுக் கடிதம் மாதிரி? நான் துண்டிக்கவில்லையடா. போனில் சார்ஜ் முடிந்துவிட்டது. வர முடியாமற் போனதற்கு வேலைதான் காரணம். எண்ணெய்த்துறையில் இருக்கிறவனுக்கு சனி ஞாயிறு ஏது?

சரி, பயப்படாதே. கடல் ஆட்களுக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு. கவனமாகக் கேள். வள்ளத்துக்கு அடியில் கனத்த இரும்பு ஒன்று நீட்டிக்கொண்டு இருக்கிறதல்லவா, கீல்? அது நிலத்தில் சும்மா தொட்டால் போதும். பாரம் எல்லாம் பக்கத்து முட்டுகளில் வரவேண்டும். ஆறு கட்டையையும் சம்மட்டியால் அடித்து இறுக்கு. அடிக்க அடிக்க வள்ளம் மேலே எழும்பும். எழும்பினால் சரி.

மூடுவதற்கு நம்மட பந்தல்தான். குளிர்காலம் முடியுமட்டும் நிற்கிற மாதிரி நல்ல பந்தலாகப் போட்டு மேலே தறப்பாளை விரி. வெள்ளைக்காரன் ஆயிரம் சாமான் விற்பான், ஒன்றும் வாங்காதே. முன்னும் பின்னும் காற்றுப் புகாமல் தைத்தது போல் மூடிவிடு.

இன்னொரு விசயம், கோபிக்காதே. நான் இவ்வளவு தூரத்தில் இருக்கிறேன். வசந்தத்தில் வள்ளத்தை விற்றுவிடுவோமா? யோசி. பூமணிக்கும் யன்னல் திரும்பக் கிடைக்கும்.

அன்புடன்,
அல்பேர்ட்

*

ஹவுகெட்டோ,
31 ஒக்டோபர் 2005

அல்பேர்ட்டுக்கு,

விற்பதா? அந்தக் கதையை இனி எடுக்கவேண்டாம். மற்றவற்றுக்கு வருகிறேன்.

முட்டுகளை நீர் சொன்னபடி அடித்தேன். வள்ளம் எழும்பியது. கீலுக்கு அடியில் ஒரு கடிதத்தைத் தள்ளினால் மறுபக்கம் வருகிறது. நன்றாகத்தானே இருக்கிறது?

பந்தலுக்கு சிறீஸ்கந்தராசாவைப் பிடித்தேன். ஆடித் திருவிழாவுக்குக் கோயில் பந்தல் போடுகிறவரை விடத் திறமான ஆளை ஒஸ்லோவில் எங்கே தேடுவது? ஐந்து பேரோடு வந்தார். அளந்தார். "மாப்பிள்ளை எந்தப் பக்கத்தால வாறார்?" என்று பகிடி விட்டார். பின்னேரத்துக்குள் பன்னிரண்டு கால், குறுக்குத் தடி, மேலே தறப்பாள், மேசை மாதிரித் தட்டையாக நீட்டி நிமிர்ந்து நின்றது. அதோடு விட்டாரா? "பந்தலெண்டால் வெள்ளை கட்டாமல் விடக்கூடாது" என்று உட்பக்கம் வெள்ளைத் துணி கட்டி, கரைக்குச் சுருக்கு வைத்து, வாசலில் பிளாஸ்ரிக் மாவிலைத் தோரணமும் தொங்கவிட்டார். உள்ளே வள்ளம் மணவறையில் இருத்தின பொம்பிளை மாதிரி நிற்கிறது.

பக்கத்து வீட்டு ஓட்வார் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார். ஓய்வு பெற்ற மனுசர், நாற்பது வருடம் சொந்த வள்ளம் வைத்திருந்தவர். பூமணி நோர்வேஜிய மொழியில் பதில் சொன்னாள்: "இவருக்கும் இதுக்கும்."

பனி பெய்தால் என்ன செய்வாய் என்று ஓட்வார் கேட்டார். இதே பந்தலுக்குக் கீழே முந்நூறு பேர் இருந்து சாப்பிட்டவர்கள் என்றேன். "பனி கீழே இருக்காது, மேலேதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பொறாமை.

முன்னும் பின்னும் நான் மூடவில்லை. திறந்துதான் இருக்கிறது. அப்படித்தான் இருக்கும்.

பாலேந்திரன்

*

ஸ்தவாங்கர்,
10 நவம்பர் 2005

மச்சான்,

சிறீஸ்கந்தராசாவா? உனக்கு வேறு ஆள் கிடைக்கவில்லையா? கல்யாணப் படத்தில் நிற்கிற இடத்தைக்கூட மற்றவனுக்கு விட்டுக்கொடுக்காத மனுசன் அவன். இனி ஒஸ்லோ முழுக்க "நான்தான் வள்ளத்துக்குப் பந்தல் போட்டனான்" என்று சொல்லித் திரிவான். ஏன், நான் சொல்லச் சொல்ல நீயே போட்டிருக்கக் கூடாதா?

இரண்டு பக்கத்தையும் ஏன் திறந்து வைத்திருக்கிறாய்? விசரோ? பனி உள்ளே போய்க் குந்தியிருக்கும். உடனே மூடு! குருநகரில் இப்படிச் செய்தால் சிரிப்பார்கள்.

இதோடு ஒரு கடுதாசி வைத்திருக்கிறேன். இங்கே ஒருவர் வள்ளம் தேடுகிறார். பாதி வேண்டாமாம், முழுதாகத்தான் வேண்டுமாம். நான் என் இடத்தில் கையெழுத்து வைத்துவிட்டேன். நீயும் வைத்து அனுப்பு. யோசித்துப் பார், இரண்டு பேருக்கும் நிம்மதி.

என் மனிசி யோசெப்பினும் நானும் சுகம்.

அல்பேர்ட்

*

ஹவுகெட்டோ,
27 நவம்பர் 2005

திரு. அல்பேர்ட் அவர்களுக்கு,

தாங்கள் அனுப்பிய கடுதாசியை இரண்டாகக் கிழித்து, தங்கள் பாதியைத் தங்களுக்கே அனுப்பியிருக்கிறேன். என் பாதி குப்பையில்.

வெள்ளி முழுவதும் பனி கொட்டியது. சனி காலை எழும்பிப் பார்த்தால் பந்தலின் நடு, கன்றுத்தாச்சி மாட்டின் வயிறு மாதிரித் தொங்குகிறது. நான் ஏணியை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஏணியைச் சாத்தவில்லை, படாரென்று ஒரு சத்தம். பன்னிரண்டு காலில் ஏழு முறிந்து, தறப்பாள், வெள்ளைத் துணி, மாவிலைத் தோரணம், அரை லொறிப் பனி எல்லாம் வள்ளத்தின் மேலே விழுந்தன. தாங்கள் சொன்னபடி முழுப் பாரத்தையும் சுமந்துகொண்டு நின்ற முட்டுகளில் வீட்டுப் பக்கத்து இரண்டும் ஈர மண்ணுக்குள் இறங்கத் தொடங்கின. ஐயோ அல்பேர்ட், அந்த வள்ளம் மெல்ல மெல்லச் சமையலறைப் பக்கம் சாய்ந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கை கால் ஓடவில்லை.

பூமணிக்கு ஓடியது. மாப்பிசைந்த கையோடு வெளியே பாய்ந்து, சறுக்கிக்கொண்டு போன நடு முட்டுக்கட்டையைத் தோளால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஓட்வார்!" என்று ஒரு சத்தம் போட்டாள். அந்தக் குரலுக்கு ஹவுகெட்டோ புகைவண்டியே நின்றிருக்கும். ஓட்வார் வீட்டுச் சப்பாத்தோடு, வாகனம் உயர்த்துகிற ஜக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். வள்ளம் நின்றபோது யன்னலுக்கும் அதற்கும் இடையில் நான்கு விரல் இடைவெளி. நான் அளந்தேன்.

பிறகு ஓட்வார் பாடம் எடுத்தார். கீலுக்குக் கீழே தண்டவாளத்துச் சிலிப்பர் கட்டை அடுக்கி, பாரம் முழுவதையும் அதிலேதான் இருத்த வேண்டுமாம். பக்கத்து முட்டுகள் விழாமல் பிடித்துக்கொள்ள மட்டும்தானாம். அவை புதையாமல் கீழே பலகை வைத்து, இடது முட்டுக்கட்டையையும் வலது முட்டுக்கட்டையையும் வள்ளத்தின் அடியால் சங்கிலி போட்டுக் கட்டவேண்டுமாம். கழற்றி வைத்த பாய்மரத்தை மேலே கூரை முகட்டுவளையாகப் படுக்க வைத்து, பனி வழுக்கி விழுகிற மாதிரிச் சரிவாக மூட வேண்டுமாம். பூமணி இருபது கேள்வி கேட்டு எல்லாவற்றையும் கலண்டரில் எழுதினாள். நான் பனி அள்ளினேன்.

"முட்டில பாரத்தை ஏற்றச் சொன்னது ஆர்?" என்று ஓட்வார் கேட்டார். கடற்கரை ஊர் நண்பர் என்றேன். "அந்த நண்பர் கரையில நிக்கிற வள்ளத்தைக் கண்ணாலும் கண்டிருக்கமாட்டார்" என்றார்.

எனவே தங்களிடம் நேரே கேட்கிறேன். தாங்கள் எப்போதாவது வள்ளம் ஓட்டியதுண்டா? ஓம் அல்லது இல்லை.

க. பாலேந்திரன்

*

ஸ்தவாங்கர்,
6 டிசெம்பர் 2005

பாலேந்திரன்,

இந்தக் கடிதத்தை நான்காம் தரம் எழுதுகிறேன். முதல் மூன்றிலும் பொய் வந்துவிட்டது.

இல்லை.

குருநகர் என்பது உண்மை. ஆனால் அப்பா தையற்காரர். தேவாலயத்தடியில் சின்னக் கடை. பாதிரிமாருக்கு அங்கியும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சட்டையும் தைத்தார். அயலில் எல்லாரும் கடலுக்குப் போனார்கள். அவர்கள் கிழித்துக்கொண்டு வந்த காற்சட்டையை நாங்கள் தைத்துக் கொடுத்தோம். கடலோடு எங்களுக்கு இருந்த சொந்தம் அவ்வளவுதான்.

எண்பத்தேழில் அகதி முகாமில் நீ என்னிடம் எந்த இடம் என்று கேட்டாய். குருநகர் என்றேன். "ஓ, அப்ப நீர் கடல் ஆள்!" என்று நீயே சொன்னாய். அன்றுவரை என்னை ஒருத்தரும் எதற்கும் ஆள் என்று சொன்னதில்லை. நானும் ஓம் என்றேன். அந்த ஒரு ஓம் வளர்ந்து வளர்ந்து வள்ளம் வாங்குகிற அளவுக்கு வந்துவிட்டது.

போன கோடையில் காற்றுச் சரியில்லை, காற்றுச் சரியில்லை என்று உன்னைப் பாய் விரிக்க விடவில்லை. காற்று நன்றாகத்தான் இருந்தது. அன்று நான் குமட்டிச் சத்தி எடுத்தேனே, யோசெப்பினின் மீன் கட்லட்டில் பழி போட்டேனே, அதுவும் பொய். கடல்தான். யோசெப்பின் இன்னும் என்னை மன்னிக்கவில்லை. இறக்குகிற அன்று வராததற்கும் வேலை காரணமில்லை. முட்டுக் கொடுக்கத் தெரியாமல் எல்லாருக்கும் முன்னால் நிற்கப் பயம். எண்ணெய்த்துறையும் அப்படித்தான். எண்ணெய்க் கம்பனிக்காரரின் வேலை உடுப்பு கிழிந்தால் தைக்கிற பட்டறையில் இருக்கிறேன்.

பூமணிக்கு ஏதாவது ஆகியிருந்தால்? அதை நினைத்து மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. வெட்கமாக இருக்கிறது, பாலேந்திரன்.

ஒன்று மட்டும் எனக்கு உண்மையாகத் தெரியும். தைக்கத் தெரியும். பட்டறையில் கூடாரத் துணி தைக்கிற பெரிய மெசின் இருக்கிறது. வள்ளத்தின் அளவுகளை அனுப்பினால் சரிவாக ஒரு மூடி தைத்துத் தருகிறேன். வேண்டாம் என்றால் அதையும் எழுது.

அல்பேர்ட்

*

ஹவுகெட்டோ,
14 டிசெம்பர் 2005

டேய் அல்பேர்ட்,

உன் கடிதத்தை வாசித்து முதலில் கோபம் வந்தது. பிறகு மீன் கட்லட் இடம் வந்ததும் சிரிப்பு வந்தது. பூமணி வாங்கி வாசித்துவிட்டு, "பாவம் அந்த மனிசன், நீங்கள்தானே அவரைக் கடல் ஆளாக்கி விட்டனீங்கள்" என்கிறாள். இந்த வீட்டில் கடைசியில் பிழை எப்போதும் என்னுடையதுதான்.

அளவுகள் பின்பக்கத்தில் இருக்கின்றன. பூமணியும் நானும் சேர்ந்து எடுத்தோம். அவள் எடுத்தவற்றை நம்பு. இப்போதைக்கு ஓட்வாரின் பழைய தறப்பாள் பாய்மரத்துக்கு மேலால் கிடக்கிறது.

மூடி தைக்கும்போது முன்னும் பின்னும் திறந்து விடு. ஏன் என்று சொல்லிவிடுகிறேன். எண்பத்தாறில் மன்னாரிலிருந்து இந்தியாவுக்கு வள்ளத்தில் வந்தேன். பதின்மூன்று பேர் அடித்தட்டில், எங்களுக்கு மேலே தறப்பாள். ஐந்து மணித்தியாலம். பக்கத்திலிருந்தவரின் மூச்சைத்தான் மூச்சாக விட்டுக்கொண்டு வந்தேன். கடலைக் கடந்தவன் என்று பெயர்; கடல் என்ன நிறத்தில் இருந்தது என்று எனக்குத் தெரியாது. இப்போதும் இரண்டு பக்கமும் மூடிய தறப்பாளுக்குள் தலையை விட்டால் நெஞ்சு அடைக்கிறது. ஒருதரமாவது வள்ளத்தில் நிமிர்ந்து இருந்து, பட்டப்பகலில், முகத்தில் காற்று அடிக்கப் பாய் விரித்துப் போகவேண்டும். அதற்குத்தான் வாங்கினேன். உன்னோடு போகவேண்டும் என்றுதான் வாங்கினேன்.

இனி உன் அளவுநாடாவின் பாடு.

பாலேந்திரன்

*

ஸ்தவாங்கர்,
22 ஜனவரி 2006

மச்சான்,

பொதி பேருந்தில் வருகிறது. தனியாகத் தூக்காதே, நாற்பது கிலோ.

கவனமாகக் கேள், இந்தமுறை எனக்குத் தெரிந்ததைத்தான் சொல்கிறேன். மூடியின் நடுக்கோடு பாய்மரத்துக்கு நேர் மேலே வரவேண்டும். அந்த இடத்தில் துணியை மூன்று மடிப்பு வைத்திருக்கிறேன், தேயாது. கயிறு போடுகிற வளையங்களைச் சுற்றி இரட்டைத் தையல். இழுத்துப் பார், நூல் விட்டுக்கொடுத்தால் என் பெயர் அல்பேர்ட் இல்லை. கயிற்றை முட்டில் கட்டவே கட்டாதே! காற்றில் துணி இழுத்தால் முட்டும் சேர்ந்து வரும். வள்ளத்தின் அடியால் சுற்றிக் கட்டு. இதைப் பட்டறைக்குக் கூடாரம் கொண்டுவருகிற ஒருவரிடம் கேட்டு எழுதுகிறேன்.

முன்னுக்கும் பின்னுக்கும் சட்டைக்குக் கழுத்து வெட்டுகிற மாதிரி வெட்டி, மேலே சின்னத் தாழ்வாரம் வைத்திருக்கிறேன். பனி போகாது, காற்றுப் போகும். உள்ளே நின்றால் இரண்டு பக்கமும் வெளிச்சம் தெரியும். தெரிகிறதா என்று நான் உள்ளே படுத்துப் பார்த்தேன். பட்டறையில் எல்லாரும் சிரித்தார்கள்.

நீ எழுதியதை யோசெப்பினுக்கு வாசித்துக் காட்டவில்லை. எனக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

அல்பேர்ட்

*

ஹவுகெட்டோ,
19 பெப்ரவரி 2006

மச்சான்,

மூடி பொருந்தியிருக்கிற அழகைப் பார்க்க நீ வரவேண்டும். ரவிக்கை தைத்த மாதிரி. பூமணிதான் அப்படிச் சொன்னாள், நான் அல்ல. போன கிழமை முழங்காலளவு பனி பெய்தது. சர்ரென்று இரண்டு பக்கமும் வழுக்கி விழுந்தது. நான் யன்னலடியில் தேத்தண்ணியோடு இருந்து பார்த்தேன்.

சிறீஸ்கந்தராசா வந்து சுற்றிப் பார்த்தார். "வெள்ளை கட்டேல்லையோ?" என்று மட்டும் கேட்டார்.

ஒரு அதிசயம் சொல்கிறேன். ஓட்வார் உள்ளே ஏறிப் பார்த்துவிட்டு, "பொட்டு ஈரம் இல்லை" என்றார். இரண்டு பக்கமும் இறுக்கி மூடுகிறவர்களுக்கு வசந்தத்தில் உள்ளே முழுக்கப் பூஞ்சணமாம். திறந்து விடவேண்டும் என்று யார் சொல்லித் தந்தது என்று கேட்டார். பயம் சொல்லித் தந்தது என்று நோர்வேஜிய மொழியில் எப்படிச் சொல்வது? நீயும் நானும் சேர்ந்து செய்ததில் சரியாக வந்த ஒரே ஒரு விசயம் அதுதான்.

ஆகவே விற்கிற கதை முடிந்தது, என்ன? மே ஆறாம் திகதி இறக்குவோம். நீ சத்தி எடுத்தால் எடு, வாளி வைக்கிறேன்.

பாலேந்திரன்

*

ஸ்தவாங்கர்,
2 ஏப்ரல் 2006

மச்சான்,

இதை இருந்துகொண்டு வாசி.

என் பாதியை விற்றுவிட்டேன். கத்தாதே. கடலில் எனக்கு இனிப் பங்கு வேண்டாம். பதினெட்டு வருடம் பொய்யாக இருந்தது போதும். வாளியோடு ஒரு பங்காளி உனக்கும் எதற்கு?

ஆனால் முன்பு கேட்டவருக்கு விற்கவில்லை. மார்ச் மாதம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. அப்படியே எழுதுகிறேன்:

"அல்பேர்ட் அண்ணை, ஆறு மாதமா யன்னலுக்குள்ளால இந்த வள்ளத்தைப் பாத்துக்கொண்டிருக்கிறன். விழப்போகேக்க தோள் குடுத்ததும் நான்தான். உங்கட பாதியை எனக்குத் தாங்கோ. வேற ஆருக்கும் குடுத்தால், அந்த ஆளே வந்து முட்டுக் குடுக்கட்டும். வள்ளம் ஓட்டுற சோதினைக்கு ஓட்வாரோட இருந்து படிச்சனான், பாஸ். இவருக்குச் சொல்லாதேங்கோ, முகத்தைப் பாக்க எனக்கு ஆசையாக்கிடக்கு. பூமணி."

நான் என்ன செய்ய? இல்லையென்று சொல்ல எனக்குத் துணிவில்லை. நான்கு விரல் இடைவெளியில் நின்றவள் அவள். கையெழுத்து வைத்து அனுப்பிவிட்டேன். இந்தக் கடிதம் வருகிற நாளை அவளுக்குச் சொல்லியிருக்கிறேன், உனக்கு எதிரில்தான் இருப்பாள்.

நீ இனி உண்மையாகவே பாய் விரிப்பாய். எனக்கு அது சந்தோசம். கொஞ்சம் கவலையும்தான், ஒளிக்கவில்லை. என்னோடு போகத்தான் வள்ளம் வாங்கினதாக நீ எழுதியது மனதை விட்டுப் போகுதில்லை.

அல்பேர்ட்

*

ஹவுகெட்டோ,
9 ஏப்ரல் 2006

என் அல்பேர்ட்டுக்கு,

எதிரில்தான் இருந்தாள். முகத்தை நன்றாகப் பார்த்தாள். பிறகு எழும்பிப் போய் அலுமாரிக்குள்ளிருந்து சோதினைப் பத்திரத்தைக் கொண்டுவந்து என் தேத்தண்ணிக்குப் பக்கத்தில் வைத்தாள். எழுபது கேள்வியில் ஒன்றுதான் பிழையாம். "நீங்கள் எழுதுங்கோவன் பாப்பம்" என்கிறாள். சித்திரைக்குள் வள்ளம் போகாவிட்டால் தான் போவேன் என்றவள், இப்போது அந்த வள்ளத்திலேயே போகப்போகிறாளாம். சுக்கான் அவளுடைய கையில். எனக்குப் பாய்க்கயிறு தந்திருக்கிறாள். பிரச்சினை இல்லை. கயிறு பிடித்துக்கொண்டு நிமிர்ந்து இருக்கலாம்தானே.

ஆனால் உன்னை நான் விட்டுவிடுவேன் என்று நினைத்தாயா? உன் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்குச் சாப்பாட்டில் ருசியில்லை. வள்ளம் இருந்து நீ இல்லாவிட்டால் எனக்கு என்ன வள்ளம்? பூமணியிடம் அப்படியே சொன்னேன். அவள் சுவரிலிருந்து கலண்டரைக் கழற்றி வந்தாள். இரண்டு பேரும் இருந்து புதுக் கடுதாசி எழுதினோம். இதோடு வருகிறது. இந்தமுறை கிழிக்க வேலையில்லை, வாசித்துப் பார்.

வள்ளத்தை இடது வலது என்றோ, முன்பாதி பின்பாதி என்றோ நாங்கள் பிரிக்கவில்லை. தண்ணீரில் நிற்கும்போது அது பூமணிக்கும் எனக்கும் சொந்தம். கரையில் நிற்கும்போது அது முழுக்க முழுக்க உனக்குச் சொந்தம். முட்டு, முகடு, மூடி, கயிறு எல்லாம் உன் சொல்லுப்படி. அந்த நாட்களில் உன் அனுமதி இல்லாமல் சிறீஸ்கந்தராசா ஒரு தோரணமும் கட்டக்கூடாது என்று நான்காம் பந்தியில் எழுதியிருக்கிறது.

மேயிலிருந்து செப்டெம்பர் முடியுமட்டும் எங்களுக்கு ஐந்து மாதம். மிச்சம் ஏழு. இது நோர்வேயடா, பெரிய பங்கு உனக்குத்தான்.

கையெழுத்து வை.

பாலேந்திரன், பூமணி